பேச்சு அரபிப் பாடம்: கேள்வி மாதிரி வரும் வியப்பு



சஃபர் புறப்படும் நம் பிள்ளைகளுக்காக நடத்தி வரும் பேச்சு அரபி வகுப்பில் இதுவரை சலாம், நலம் விசாரிப்பு, எண்கள், கடைவீதிச் சொற்கள் என்று வரிசையாகப் பார்த்து வந்தோம். இந்த முறை அந்த வரிசையைச் சற்று நிறுத்தி வைக்கிறோம். விடுப்பில் ஊர் வந்திருக்கும் ஒரு சகோதரர் வகுப்புக்கு வந்து சொன்ன சம்பவம்தான் அதற்குக் காரணம். பெயர் போடாமல் எழுதிக்கொள்ள அவரே சம்மதித்திருக்கிறார்.

ரியாத்தில் ஒரு வீட்டில் ஓட்டுநர் வேலை. மூன்றாண்டுகளாக ஒரே கஃபீல், ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அதிகாலையில் ஊரிலிருந்து போன். உம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், மூச்சுத் திணறல். விடிந்ததும் கஃபீலிடம் போய், "உம்மி மரீழா, ஃபில் முஸ்தஷ்ஃபா" என்று தெரிந்த அரபியில் சொன்னார். கஃபீல் கண்களை அகல விரித்து, "வல்லாஹ்?" என்றார்.

நம் சகோதரருக்குச் சுருக்கென்றது. வாய்க்கு வந்தபடி சத்தியம் செய்யக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை அவர். உம்மா உயிருக்குப் போராடும்போது, "அல்லாஹ் மீது ஆணையிட்டுச் சொல்" என்கிறாரே, மூன்று வருடம் உழைத்தும் இவ்வளவுதான் நம்பிக்கையா என்று மனம் கசந்துவிட்டது. "அனா மாஃபீ கத்தாப்" என்று சொல்லிவிட்டார். நான் பொய்யன் இல்லை, நம்பாவிட்டால் ஊருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று கையால் சைகையும் காட்டியிருக்கிறார். கஃபீலின் முகம் மாறிவிட்டது. அவர் பதறிப்போய்க் கேட்டது ஒன்று, கிடைத்த பதில் வேறு. 'உன்னை நான் எப்போது பொய்யன் என்றேன்' என்ற வருத்தத்தோடு உள்ளே போய்விட்டார். அதன் பிறகு டிக்கெட் பேச்சே நான்கு நாள் எழவில்லை. இரண்டு பக்கமும் ரோஷம்.

நாலாம் நாள், கஃபீலின் அண்ணன் வீட்டில் வண்டி ஓட்டும் மலையாளி ஒருவர் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "அவர் உன்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. 'அய்யோ, அப்படியா?' என்றுதான் சொல்லியிருக்கிறார்." அன்று மாலையே சகோதரர் போய் மன்னிப்புக் கேட்டார், இரவே டிக்கெட் கைக்கு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த நான்கு நாளில் வேறு ஏதாவது நடந்திருந்தால், அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியிருந்திருக்கும். ஒரே ஒரு சொல்லை, அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்லை, கேள்வி என்று நினைத்ததால் வந்த வினை.

தெரிந்த சொல் என்பதுதான் இங்கே சங்கடம். தெரியாத சொல்லாக இருந்தால் யாரிடமாவது பொருள் கேட்டிருப்பார்.

நம் தமிழில் இது இல்லாமலா? "காக்கா மகளுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் "அப்படியா?" என்கிறார். அது கேள்விதான், ஆனால் பதில் கேட்கும் கேள்வி அல்ல. "ஆம், அப்படித்தான், வேண்டுமானால் பத்திரிகையைப் பாருங்கள்" என்று யாரும் ஆதாரம் நீட்டுவதில்லை. நெடுநாள் கழித்து எதிரே வருபவரிடம், "எங்கே, ஆளையே காணோம்?" என்கிறோம். அவர் தன் விலாசத்தைச் சொல்வதில்லை. வியப்பைக் கேள்வியின் உடையில் அனுப்புவது எல்லா மொழியிலும் உண்டு. அரபி பேசுகிறவர்கள் இதைச் சற்று தாராளமாகவே செய்கிறார்கள்.

இந்தக் குழப்பம் அரபிகளுக்குப் புதிதும் அல்ல. மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்களின் பெயர் தெரிந்திருக்கும். அரபி இலக்கணத்துக்கு அடிக்கல் நட்டவர் என்று மரபில் போற்றப்படுபவர், ஹிஜ்ரி 69-இல் பஸராவில் மறைந்தவர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. ஓரிரவு அவருடைய மகள் வானத்தைப் பார்த்து, "வானம் எவ்வளவு அழகு!" என்று வியக்க நினைத்தார். ஆனால் "மா அஹ்ஸன" என்று ஃபத்ஹாவோடு சொல்ல வேண்டியதை "மா அஹ்ஸனு" என்று ளம்மாவோடு சொல்லிவிட்டார். ஒரு ஹரகத் மாறியதில், "வானத்தில் மிக அழகானது எது?" என்று பொருளாகிவிட்டது. தந்தை நிதானமாக, "அதன் நட்சத்திரங்கள்" என்று பதில் சொன்னார். "நான் கேட்கவில்லை வாப்பா, வியந்தேன்" என்றார் மகள். "அப்படியானால் ஃபத்ஹாவைப் போட்டுச் சொல்" என்று திருத்தினார் தந்தை. மொழி இப்படிக் குழம்ப ஆரம்பித்துவிட்டதே என்ற கவலையில்தான் அவர் இலக்கண விதிகளை வகுக்க முனைந்தார் என்று அந்தச் செய்தி முடிகிறது. இதை வேறு விதமாகச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. எப்படியானாலும், வியப்பைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு பதில் சொன்ன முதல் ஆள் நம் ரியாத் சகோதரர் அல்ல என்பது அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அந்தக் கதையில் கேள்வியையும் வியப்பையும் பிரித்தது கடைசி எழுத்தின் ஹரகத். இன்று ரியாத்திலோ குவைத்திலோ துபாயிலோ தெருவில் பேசும் அரபியில் அந்தக் கடைசி ஹரகத் கிடையாது, உதிர்ந்துவிட்டது. கிதாபில் கேள்விக்கு முன்னால் வரும் "ஹல்", "அ" என்ற சொற்களும் வளைகுடாப் பேச்சில் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய வாக்கியங்களில், செய்தியா, கேள்வியா, வியப்பா என்று சொல்வது குரல் மட்டும்தான். மதரஸாவில் ஏழு வருடம் ஓதி, ஸனது வாங்கிப் போகும் ஆலிம்களும் முதல் சில மாதம் தடுமாறுவது இதனால்தான். அவர்கள் காது "ஹல்" எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும், எதிரே நிற்பவரோ புருவத்தால் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். "ஸாஃபர்" என்றால் 'பயணம் போய்விட்டார்'. குரல் இறங்கினால் செய்தி. கடைசியில் குரல் ஏறி, சட்டென்று நின்றால் கேள்வி: போய்விட்டாரா? முதல் அசை நீண்டு, குரல் வழக்கத்தைவிட மேலே போய், முகமும் சேர்ந்து விரிந்தால் அது வியப்பு: என்ன, போயே விட்டாரா! ஊருக்கு ஊர் இந்த ராகம் கொஞ்சம் மாறும். ஆனால் நீட்டல், உயர்த்தல், முகம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் அவர் தகவல் கேட்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி, அதிகம் காதில் விழும் சொற்களுக்கு வருவோம்.

"வல்லாஹ்?" என்பதைச் சொல்லியாயிற்று. மொராக்கோவிலிருந்து ஓமன் வரை புரியும் சொல் இது. குரல் ஏறினால் "நிஜமாகவா?" குரல் இறங்கினால் "சத்தியமாக". ஆகவே ஒருவர் "வல்லாஹ்?" என்று ஏற்றிக் கேட்டால், மற்றவர் "ஈ வல்லாஹ்" என்று இறக்கிச் சொல்லி முடித்துவிடுவார். "ஈ" என்பது வளைகுடாப் பேச்சில் "ஆம்". சத்தியச் சொல்லை நாவில் இப்படிப் பழக்கப்படுத்த மனமில்லை என்று வகுப்பில் சிலர் சொன்னார்கள். அந்தப் பேணுதலை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் "ஈ நஅம்" என்றோ, "அகீத்", அதாவது 'உறுதியாக', என்றோ சொல்லலாம், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். எண்ணமின்றி நாவில் வந்துவிடும் சத்தியத்தின் சட்டம் என்ன என்று பேசுவது இந்தப் பாடத்தின் வேலை அல்ல, உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம், எதிரே இருப்பவர் "வல்லாஹ்?" என்றால் உங்களைச் சந்தேகிக்கிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதே. அதேபோல, அவர் வியந்து கேட்ட ஒரு சொல்லுக்கு மூன்று முறை சத்தியம் செய்து, தலையில் அடித்துக் காட்டவும் வேண்டாம். அளவுக்கு மீறிய சத்தியம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

இதே வேலையைச் செய்யும் வேறு சொற்களும் உண்டு. குவைத், பஹ்ரைன் பக்கம் "ஸிஜ்?" என்பார்கள். நமக்குத் தெரிந்த "ஸித்க்", அதாவது உண்மை என்ற சொல்தான் வாயில் உருண்டு உருண்டு இப்படி ஆகியிருக்கிறது. ஸித்தீக் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோமே, அதே வேர். "மின் ஸிஜ்ஜக்?" என்றால் 'நிஜமாகத்தான் சொல்கிறாயா?' சவூதியில் இதற்கு "மின் ஜித்தக்?" என்பார்கள். இங்கே "ஜித்" என்பது விளையாட்டுக்கு எதிரானது. அதே "ஜித்" எகிப்தியர் வாயில் "பி-கத்?" என்றும், சிரியா, லெபனான்காரர்கள் வாயில் "அன் ஜத்?" என்றும் வரும். நான்கும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன.

"மஃகூல்?" என்ற சொல்லை நம் மக்களுக்குக் கற்றுத்தருவது எளிது. "அக்ல்" என்றால் அறிவு, நம் வீடுகளில் "அக்லு இருக்கா உனக்கு?" என்று திட்டு வாங்காதவர் யார்? அந்த அக்லிலிருந்து வருவது "மஃகூல்", அறிவு ஏற்றுக்கொள்ளக்கூடியது. அதைக் கேள்வியாக்கி "மஃகூல்?" என்றால், 'இது அறிவுக்கு ஏற்குமா?', அதாவது 'நம்பவே முடியவில்லையே!' இதில் ஒரு வேடிக்கை உண்டு. "மூ மஃகூல்!" என்று இல்லையென்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். எகிப்தியர் "மிஷ் மஃகூல்!" என்பார்கள். ஒன்று கேள்வி, ஒன்று மறுப்பு, இரண்டும் வாய்பிளந்து நிற்பவரின் பேச்சு. "ஒன்றுக்கொன்று எதிராகத்தானே இருக்க வேண்டும்?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டார். "இருக்குமா?", "இருக்கவே இருக்காது!" என்று நாம் மாறி மாறிச் சொல்வதில்லையா? அதுதான்.

இனி "என்ன", "ஏன்", "எங்கே", "யார்" என்ற சொற்கள். இவற்றில்தான் மனவருத்தம் அதிகம் வருகிறது. காதில் விழுவது முழுக்கேள்வி, பதில் சொல்லாமல் நிற்க நமக்குக் கூச்சம்.

'என்ன இது?' என்பதை ரியாத் பக்கம் "வெஷ் ஹாதா?" என்பார்கள். ஜித்தாவில் "ஏஷ் ஹாதா?", குவைத்தில் "ஷினு ஹாதா?", அமீரகத்தில் "ஷூ ஹாதா?", எகிப்தியர் "ஏ த?" என்பார்கள். பொருளைத் தெரிந்துகொள்ளவும் இதையே கேட்பார்கள், மகிழ்ச்சியிலும் கோபத்திலும் இதையே சொல்வார்கள். கணவரோடு ஷார்ஜாவில் குடியேறிய நம் சகோதரி ஒருவர், பெருநாளுக்கு வட்டலப்பம் செய்து பக்கத்து அரபி வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தத் தாய் மூடியைத் திறந்ததும் "ஷூ ஹாதா? லேஷ் தஅப்தி?" என்றார். சகோதரி "ஷூ ஹாதா"வைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்று தெரிந்த அரபியிலும் மீதி சைகையிலும் பக்குவம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "லேஷ் தஅப்தி?" என்பதோ அவருக்கு உறுத்தியது. 'ஏன் சிரமப்பட்டாய்?' என்றால், கொண்டுவந்திருக்கக் கூடாதோ? வீட்டுக்கு வந்து அழாத குறை. உண்மையில் அது "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று நாம் கையில் வாங்கிக்கொண்டே சொல்வோமே, அதேதான். கேள்வி வடிவில் நன்றி. "லேஷ் கல்லஃப்த் அலா நஃப்ஸக்?" என்று கொஞ்சம் நீளமாகவும் வரும், 'உங்களை ஏன் வருத்திக்கொண்டீர்கள்?' என்பது பொருள். பதிலாக "ஹாதா ஷை பஸீத்", 'இது சாதாரண விஷயம்', என்று சொல்லிப் புன்னகைத்தால் போதும். பக்குவம் பிறகு சொல்லலாம். அந்த அரபித் தாய் பிற்பாடு அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார் என்று கேள்வி.

விருந்தில் "லேஷ் மா தாக்லீன்?" என்று பெண்களைக் கேட்பார்கள், 'ஏன் சாப்பிடவில்லை?' என்று. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் கேட்பார்கள். காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு வாய் எடுத்துக்கொள்ளுங்கள்.

"வேனக்?" என்றால் 'எங்கே இருக்கிறாய்?' பெண்ணாக இருந்தால் பல இடங்களில் "வேனிக்?", குவைத் பக்கமும் அமீரகத்திலும் கடைசி எழுத்து 'ச்' என்று மாறி ஒலிக்கும். இதில் இடத்தைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். எதிரே நின்றுகொண்டு கைகுலுக்கியபடி "வேனக் யா ரஜ்ஜால்?" என்றால், "எங்கே, ஆளையே காணோம்?" என்று பொருள். பதில் "மவ்ஜூத்", 'இருக்கிறேன்', அதோடு ஓர் அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே சொல் போனில் கஃபீலிடமிருந்து வந்தால் அது அசல் கேள்வி. "மவ்ஜூத்" என்று சொல்லி வைத்துவிட்டால் வேலைக்கே உலை. "ஃபித் தரீக்", 'வழியில் இருக்கிறேன்', என்று சொல்லுங்கள், உண்மையிலேயே வழியில் இருந்தால்.

"மின் கால்?" என்பதைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். 'யார் சொன்னது?' என்று பொருள். ஒருவர் இந்த மாதம் சம்பளம் தாமதமாகுமாமே என்று முதலாளியிடம் கேட்கிறார். அவர் "மின் கால்?" என்கிறார். பெரும்பாலும் அது "அப்படியெல்லாம் இல்லையே, யார் கிளப்பியது?" என்ற வியப்போடு கூடிய மறுப்பு. நம் ஆள் உண்மை பேசுவதாக நினைத்து, தனக்குச் சொன்ன சக தொழிலாளியின் பெயரை அவிழ்த்துவிடுகிறார். பிறகு அந்தத் தொழிலாளியின் கதி? ஒரு வேலைத்தளத்தில் இப்படி நடந்து, ஒரே அறையில் படுத்திருந்த இருவர் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் ஆனதை எங்களிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். "ஸமிஅத்", 'கேள்விப்பட்டேன்', என்று நிறுத்திக்கொள்வது நல்லது. நேராகப் பெயர் கேட்டால் பிறகு யோசிக்கலாம்.

கடையில் நிற்பவர்களுக்கு

பகாலாவிலும் துணிக்கடையிலும் வேலை பார்ப்பவர்கள் தினமும் சந்திப்பது எதிரொலிக் கேள்வி. நீங்கள் சொன்ன சொல்லையே அவர் திருப்பிச் சொல்வார், குரல் மட்டும் கூரைக்குப் போகும். நீங்கள் "இஷ்ரீன்", இருபது, என்கிறீர்கள். அவர் "இஷ்ரீன்?!" என்கிறார். காது கேட்கவில்லை போலும் என்று நம் பிள்ளைகள் மறுபடி சத்தமாக "இஷ்ரீன்!" என்கிறார்கள். வாடிக்கையாளர் போய்விடுகிறார். அவர் கேட்டது விலையை அல்ல, 'இவ்வளவா?' என்று வியந்து காட்டினார், அடுத்த வார்த்தையை உங்களிடம் எதிர்பார்த்தார். குறைக்க முடிந்தால் "அஷானக்", 'உங்களுக்காக', என்று தொடங்கி ஒரு விலை சொல்லுங்கள். முடியாதென்றால் "ஆகிர் கலாம்", கடைசிப் பேச்சு, என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். "ராஸ் மாலஹ்", 'இது அசல் விலை', என்று சொல்லும் வழக்கமும் கடைவீதியில் உண்டு. அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

இதே எதிரொலி துக்கச் செய்தியிலும் வரும். நோயாளியைப் பற்றியோ மவ்த்தைப் பற்றியோ சொல்லும்போது அவர் உங்கள் சொல்லையே அதிர்ச்சியோடு திருப்பிச் சொன்னால், மறுபடி விளக்க வேண்டாம். சற்று நேரம் பேசாமல் இருங்கள், அவரே அடுத்ததைச் சொல்வார்.

தமிழருக்கு இதில் ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. நம்மிடம் "ஆ" என்ற ஒரு எழுத்து இருக்கிறது. எதைக் கண்டு வியக்கிறோமோ அதன் வாலில் அதை ஒட்டிவிடுகிறோம். "நீயா செய்தாய்?", "நீ இதையா செய்தாய்?", "நேற்றா செய்தாய்?" என்று வியப்பு எங்கே என்பதை "ஆ" காட்டிக்கொடுத்துவிடும். பேச்சு அரபியில் அந்த "ஆ" இல்லை. "இன்த்த சவ்வைத் ஹாதா?" என்பதில் "இன்த்த" மேல் அழுத்தம் விழுந்தால் 'நீயா இதைச் செய்தாய்?' "ஹாதா" மேல் விழுந்தால் 'இதையா செய்தாய்?' முதலாவது பாராட்டாகவும் இருக்கலாம், இரண்டாவது பெரும்பாலும் ஏமாற்றம். அழுத்தம் எங்கே விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும்.

வேலைத்தளத்தில் எகிப்திய பொறியாளரோ ஃபோர்மேனோ இருந்தால் இன்னொன்றும் காதில் விழும். "ஹுவ்வ இன்த லிஸ்ஸ ஹினா?" கிதாபு அரபி படித்தவருக்குத் தலை சுற்றும். "ஹுவ" என்றால் 'அவன்', "அன்த" என்றால் 'நீ'. அவனா, நீயா? இங்கே "ஹுவ்வ" யாரையும் குறிக்கவில்லை. கேள்விக்கு முன்னால் வந்து, சொல்பவர் எதிர்பாராததைப் பார்த்துவிட்டார் என்று காட்டுகிறது. "அட, நீ இன்னும் இங்கேயா இருக்கிறாய்?" என்பது பொருள். நம் "அட"வை நினைத்துக்கொண்டால் மறக்காது.

கேட்டுப் புரிந்துகொள்ள மட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் ஒதுக்கி வைத்த சொற்களும் சில உண்டு. "லா யா ஷேக்?" அவற்றில் முதலாவது. ஷைகு என்றால் நமக்கு மரியாதைக்குரிய பெரியவர், ஆகவே பணிவான சொல் என்று நினைத்துப் பெரியவர்களிடம் பயன்படுத்திவிடக்கூடும். நண்பர்களுக்குள் அது "அப்படியாப்பா?" என்ற வியப்பு, குரல் கொஞ்சம் கோணினால் "ஓஹோ, பெரிய ஆள்தான்" என்ற கிண்டல். "யா ஸலாம்?" என்பதும் அப்படியே, பாராட்டாகவும் வரும், பழிப்பாகவும் வரும். "இன்த்த ஸாஹீ?" என்றால் 'புத்தி தெளிவாகத்தான் இருக்கிறாயா?' முதலாளி உங்களிடம் சொல்லலாம், நீங்கள் முதலாளியிடம் சொன்னால் அன்றோடு சரி.

நம் பக்கத்திலிருந்து வியப்பைச் சொல்ல என்ன வழி? புதிதாகப் போகிறவர்களுக்கு "மாஷா அல்லாஹ்", "ஸுப்ஹானல்லாஹ்" இரண்டும் போதும், எந்த நாட்டிலும் தவறாகப் போகாது. ஆறு மாதம் காது பழகிய பிறகு "வல்லாஹ்?", "மஃகூல்?" என்று தொடங்கலாம். குவைத், பஹ்ரைன் பக்கம் இருப்பவர்கள் "ஷ-ஹலாத்தஹ்!" என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள். 'அதன் இனிமைதான் என்ன!' என்று பொருள். குழந்தையைப் பார்த்துச் சொன்னால் தாய்க்கு முகம் மலரும். முன்னால் நிற்கும் அந்த "ஷ" 'என்ன' என்ற கேள்விச் சொல்லின் மிச்சம்தான். அபுல் அஸ்வத்தின் மகள் வானத்தைப் பார்த்துச் சொன்ன "மா"வும் 'என்ன' என்று கேட்கப் பயன்படும் சொல்தானே.

மதரஸா மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பலாஃகத் கிதாபுகளில் இஸ்திஃப்ஹாம், அதாவது வினா, தன் அசல் பொருளை விட்டு தஅஜ்ஜுபுக்கு, வியப்புக்கு, வரும் என்று ஓதியிருப்பீர்கள். குர்ஆனில் ஸூரா ஹூதில், முதுமையில் பிள்ளைப்பேறு என்ற நற்செய்தி கேட்ட இப்ராஹீம் நபியின் துணைவியார் வியந்தது கேள்வி வடிவில்தான். மலக்குகள் அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்லவில்லை. அல்லாஹ்வின் கட்டளையைக் கண்டா வியக்கிறீர்கள் என்று அவர்களும் கேள்வியாகவே மறுமொழி சொன்னார்கள். அந்த மறுமொழியில் வியப்பைக் குறிக்கும் "அஜப்" என்ற வேர்ச்சொல்லே இருக்கிறது. கிதாபில் படித்த இந்தப் பாடத்தையும் ரியாத்தின் "வல்லாஹ்?"வையும் ஒரே பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் தனித்தனி அரபி என்று நினைக்க வேண்டியதில்லை.

பயிற்சி

மூன்று வாக்கியங்கள் தருகிறோம். "ஸாஃபர்", போய்விட்டார். "ஹாதா பேத்தக்", இது உன் வீடு. "இன்த்த சவ்வைத் ஹாதா", நீ இதைச் செய்தாய். ஒவ்வொன்றையும் மூன்று விதமாகச் சொல்லிப் பாருங்கள்: முதலில் செய்தியாக, பிறகு கேள்வியாக, பிறகு வியப்பாக. ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. வீட்டில் யாரையாவது உட்காரவைத்து, எது எதுவென்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எழுதி அனுப்ப வேண்டாம், எழுத்தில் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும். குரலைப் பதிவு செய்து அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். ரியாத் சகோதரர் விடுப்பு முடிவதற்குள் இன்னும் இரண்டு வகுப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் "வல்லாஹ்?"வை அவரே கேட்டுத் திருத்துவார், இன்ஷா அல்லாஹ்.